மூன்றரை வாரத்தில் ஓர் அறுபதாம் கல்யாணம்: காட்பாடி வீட்டு நிகழ்வு ஆய்வு

அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறிப்பது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, அந்த நாள் பிறந்தபோதே குறித்ததுதான். பிரபவ முதல் அட்சய வரை அறுபது தமிழ் வருடமும் ஒரு சுற்று முடிந்து, பிறந்த வருடத்தின் பெயரே மறுபடி வருகிறது. அந்த வருடத்தில் பிறந்த மாதம், அந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரம். அன்றைக்கு ஹோமம் செய்து, கலச நீர் ஊற்றி, கணவர் மனைவிக்கு மறுபடி தாலி கட்டுகிறார். கணவரின் வயதுதான் கணக்கு. சஷ்டியப்தபூர்த்தி என்கிறார்கள், மணிவிழா என்கிறார்கள், எங்கள் காட்பாடிப் பக்கம் அறுபதாம் கல்யாணம்தான்.

எங்கள் வீட்டில் மாமாவுக்கும் அத்தைக்கும் (என் கணவரின் பெற்றோர்) இது 2025 ஜூனில் என்று ரொம்ப நாளாகப் பேச்சு. மாமா அப்போது மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், சர்டிபிகேட்டில் பிறந்த தேதி 1965 ஜூன், அதன்படி 2025 ஜூன் 30 அன்று ஓய்வு. ஓய்வும் கல்யாணமும் ஒரே வாரத்தில் முடிந்துவிடும் என்பது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. ஜனவரி 13, போகி. பரணில் இருந்த பெட்டியைக் காலி செய்யும்போது மாமாவின் அப்பா எழுதிய ஜாதக நோட்டு கிடைத்தது. அதில் குரோதி வருடம், தை மாதம், ரோகிணி நட்சத்திரம் என்று தெளிவாக இருந்தது. அதாவது 1965 ஜூன் இல்லை, அதற்கு நாலைந்து மாதம் முன்பே. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொள்வது சாதாரணம், நம்மூரில் அறுபதை ஒட்டிய வயதில் இருப்பவர்களில் எத்தனை பேருக்குப் பிறந்தநாள் ஜூனில் வருகிறது என்று எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

குரோதி மறுபடி வந்தது 2024 ஏப்ரலில், முடிந்தது 2025 ஏப்ரல் 13. அந்தத் தையில் ரோகிணி விழுந்தது பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. தைக் கிருத்திகைக்கு மறுநாள். கையில் இருந்தது மூன்றரை வாரம், அதில் பொங்கல் நாட்களில் ஒருத்தரும் போனை எடுக்கப்போவதில்லை.

ஜூனிலேயே செய்யலாமே என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஐயரைக் கேட்டோம். ஜென்ம நட்சத்திரத்தில் செய்வதுதான் முறை, முடியாதவர்கள் அந்த மாதத்துக்குள்ளேயே வேறு நல்ல நாளில் செய்வதுண்டு, ஆனால் ஜூனில் வருடமே விசுவாவசு ஆகிவிடும், வருடம் சுற்றி வந்தது என்பதற்கே அர்த்தம் இருக்காது என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது. மாமாவின் தம்பிக்கு (சின்ன மாமா) வேறு ஒரு பயம்: "இப்பவே அறுபது முடிஞ்சதுன்னு பத்திரிகை அடிச்சா ஆபீஸ்ல முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?" அனுப்பமாட்டார்கள். பணிப்பதிவேட்டில் இருக்கும் தேதிதான் ஓய்வுக்குக் கணக்கு, ஜாதகம் வீட்டு விஷயம். இரண்டையும் ஒன்றாக்குகிறேன் என்று கடைசி வருடத்தில் பதிவேட்டில் பிறந்த தேதியைத் திருத்தக் கிளம்புவதுதான் தலைவலி. அந்தத் தேதியில் கை வைக்காமல் இருங்கள்.

முதலில் கேட்டது அவர்களைத்தான்

நேரம் குறைவு என்றதும் எல்லாரும் மண்டபத்துக்குப் போன் போடுவார்கள். நான் அத்தையையும் மாமாவையும் தனித்தனியாக உட்காரவைத்து, உங்களுக்கு இதில் எது இல்லாவிட்டால் மனசு கஷ்டப்படும் என்று கேட்டேன். இந்த ஆய்வில் மற்றவர்களுக்கு உதவக்கூடிய ஒன்று உண்டென்றால் இதுதான். பிள்ளைகள் பெற்றோருக்கு இன்ப அதிர்ச்சியாக இதைச் செய்ய நினைக்கிறார்கள், எனக்கு அதில் சம்மதமே இல்லை. கல்யாணம் அவர்களுடையது. முதல் கல்யாணத்திலும் அவர்களை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அத்தை கொஞ்சம் நேரம் ஒன்றும் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "அப்ப ஐயரு சொன்னது ஒண்ணும் புரியலம்மா. தலையைக் குனிஞ்சே உக்காந்திருந்தேன். இப்பவாவது என்ன சொல்லிக் கட்டறாருன்னு எனக்குத் தெரியணும்." அப்புறம் இன்னொன்று: ஆயா (மாமாவின் அம்மா, எண்பதைத் தாண்டியவர்) கூடவே இருக்கவேண்டும், முதல் கலசம் அவர் கையால் ஊற்றவேண்டும். மாமா கேட்டது ஒன்றே ஒன்று. அவரோடு கம்பத்தில் ஏறி வேலை செய்த லைன்மேன்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து, இலை போட்டுச் சாப்பிடவேண்டும். பஃபே கூடாது.

மூன்றே மூன்று விஷயம். மற்றதெல்லாம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இதன் பிறகு எடுத்த ஒவ்வொரு முடிவும் சுலபமாகிவிட்டது, ஏனென்றால் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தெரிந்துவிட்டது.

திருக்கடையூர் போகலாம் என்ற யோசனை அப்போதே அடிபட்டுப்போனது. மார்க்கண்டேயனுக்காக எமனைத் தடுத்த தலம், அமிர்தகடேஸ்வரர் அபிராமி சன்னதி, அறுபதாம் கல்யாணம் என்றாலே தமிழ்நாட்டில் எல்லாருக்கும் நினைவு வருவது அதுதான், ஏற்பாட்டுக்கு அங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதால் அவசரத்தில் செய்கிறவர்களுக்கு உண்மையிலேயே நல்ல வழி. ஆனால் வேலூரிலிருந்து மயிலாடுதுறைப் பக்கம்வரை ஆயாவைக் காரில் உட்காரவைக்க முடியாது. ரத்தினகிரி, வள்ளிமலை இரண்டும் முருகன் மலைகள், தைக் கிருத்திகைக் கூட்டம் இறங்கிக்கொண்டிருக்கும்போது முந்தின நாள் ஏற்பாடு எதுவும் நடக்காது, படியும் ஆயாவுக்கு ஆகாது. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் கல்யாண மண்டபங்கள் அத்தனை அழகு, மதிலழகு என்று பெயர் வாங்கிய ஊர், மனசு அங்கேதான் போனது. ஆனால் நூற்றைம்பது பேருக்கு மேல் பந்தி போட வேறு இடம் தேடவேண்டும், ஒரு காலையில் இரண்டு இடத்துக்குப் பெரியவர்களை ஏற்றி இறக்குவது வேண்டாம் என்று விட்டோம்.

மண்டபம்

தை மாதத்தில் வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி எங்கும் மண்டபம் ஒரு வருடத்துக்கு முன்பே போய்விடும். ஏழாம் தேதி என்று கேட்டவுடன் இல்லை என்று வைத்துவிட்டார்கள். பிறகு என் கணவர் கேள்வியை மாற்றினார். பொதுவாக மண்டபத்தை முந்தின நாள் மதியம் மூன்று மணியிலிருந்து மறுநாள் மூன்று மணிவரை என்றுதான் வாடகைக்கு விடுகிறார்கள், மாலை வரவேற்பு, காலை முகூர்த்தம். அப்படியானால் வெள்ளி மாலை வரவேற்பு வைத்திருக்கிறவர்களுக்கு மண்டபம் வெள்ளி மதியம்தான் தேவை. காலை சும்மா கிடக்கும். எங்களுக்கு வேண்டியது காலை மட்டும்! வியாழன் இரவு ஒன்பதுக்கு உள்ளே வந்து வெள்ளி மதியம் இரண்டுக்குள் காலி செய்கிறோம் என்று கேட்டதும் காட்பாடியில் ஒரு சின்ன மண்டபம் உடனே ஒத்துக்கொண்டது, வாடகையும் பாதிக்குக் கொஞ்சம் மேல். எழுதி வாங்கிக்கொள்ளவேண்டியது மூன்று: ஹோமத்துக்கு அனுமதி உண்டா, தண்ணீர் ஊற்ற எங்கே விடுவார்கள், சமையல்கட்டை எத்தனை மணிக்குக் கழுவித் தரவேண்டும். மேடையில் அபிஷேகம் கூடாது என்றார்கள். பின்பக்க முற்றத்தில் ஷாமியானா போட்டு, வழுக்காமல் இருக்கக் கயிற்றுப் பாய் விரித்தோம்.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே ஐயரைப் பேசிவிட்டோம். வரிசை அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். இடம் கிடைக்காவிட்டால் மொட்டை மாடி இருக்கிறது, ஐயர் கிடைக்காவிட்டால் மாற்று கிடையாது, தையில் அவர்களுக்கும் ஒரே நாளில் இரண்டு மூன்று இடம். அப்புறம் நாதஸ்வரம். செட்டாகக் கிடைக்கவில்லை, திருவலம் பக்கத்திலிருந்து ஒரு நாதஸ்வரம் ஒரு தவில் கிடைத்தது, அதுவே போதும் என்றோம். கெட்டிமேளத்தை ஸ்பீக்கரில் போடுவதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது.

ஐயரிடம் பேசியது

முழு முறையில் செய்தால் ருத்ர ஜபத்தோடு இரண்டு நாள் ஆகும். நாங்கள் கேட்டது ஒரே காலை. கணபதி, நவக்கிரகம், ஆயுள் ஹோமம், மிருத்யுஞ்சயம், பதினாறு கலசம், அப்புறம் மாங்கல்ய தாரணம். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத் தொடங்குவதால் அதற்கு முன்பே தாலி ஏறிவிடவேண்டும், அப்படியானால் ஐந்து மணிக்குள் ஹோமத்தில் உட்காரவேண்டும் என்று பின்னாலிருந்து நேரம் கணக்குப் போட்டார்.

ஒவ்வொரு படியிலும் இரண்டு வரி தமிழில் சொல்லமுடியுமா என்று கேட்டேன். நேரம் நீளுமே என்றார். அத்தை சொன்னதை அப்படியே சொன்னேன். மனுஷன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ சங்கல்பத்துலயும் மாங்கல்யத்துலயும் நிறுத்திச் சொல்றேன், நடுவுல வேண்டாம்" என்றார். ஆயா விஷயத்தில்தான் வீட்டிலேயே முணுமுணுப்பு. ஆயா தாலியறுத்தவர், சுபகாரியத்தில் முன்னால் நிற்கலாமா என்று வேறு யாருமில்லை, ஆயாவே கேட்டார். ஐயர்தான் தீர்த்துவைத்தார்: "ஆயுசுக்குச் செய்யற காரியத்துல பெத்தவ ஊத்தாம வேற யாரு ஊத்தறது?" இதை ஊரில் பெரியவர்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் நன்றாக இருக்கும். கணவன் போய்விட்டதற்காக ஒரு தாயை மகனின் அறுபதில் தூணுக்குப் பின்னால் நிற்கவைப்பதை என்னால் எந்தக் காலத்திலும் ஏற்கமுடியாது.

உடம்பு. இளவயசுக் கல்யாணத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது, ஏற்பாட்டில் யாரும் கண்டுகொள்ளாததும் இதுவே. மாமாவுக்குச் சர்க்கரை, அத்தைக்கு முழங்கால் வலி. வெறும் வயிற்றில் ஐந்து மணிநேரம் உட்கார்ந்தால், அதுவும் வழக்கமான நேரத்தில் மாத்திரையும் போட்டுக்கொண்டால், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டோம்: சர்க்கரை மாத்திரை சாப்பாட்டோடு மட்டும், பிரஷர் மாத்திரை எப்போதும் போல. இது மாமாவுக்குச் சொன்னது, ஒவ்வொருவரின் மாத்திரைக்கும் வேறுபடும், கேட்காமல் செய்யாதீர்கள். பாலும் பழமும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஐயரும் சொல்லிவிட்டார். குளுக்கோஸ் பாக்கெட், சர்க்கரை பார்க்கும் கருவி இரண்டும் என் பையில். மணையில் சம்மணம் போட முடியாத அத்தைக்கு உயரம் குறைந்த முக்காலி. கலச நீரில் கொஞ்சம் வெந்நீர் கலந்தோம், பிப்ரவரி விடியலில் காட்பாடிக் காற்று நனைந்த உடம்புக்கு ஆகாது. அபிஷேகத்துக்குப் பருத்திப் புடவை, பருத்தி வேட்டி, பட்டு அதற்கு அப்புறம்தான்.

அழைப்பு, தாலி, ஜாக்கெட்

பத்திரிகை ஒரே நாளில் அச்சாகிவிடும், அதில் பிரச்சினை இல்லை. நேரில் போய்த் தாம்பூலம் வைக்காவிட்டால் வராத சொந்தங்கள்தான் பிரச்சினை. வழியைப் பிரித்துக்கொண்டோம். திருவலம், ராணிப்பேட்டை, ஆற்காடு சின்ன மாமாவுக்கு. அணைக்கட்டு, ஒடுகத்தூர் என் கணவருக்கு. குடியாத்தம், பேரணாம்பட்டு அத்தையின் தம்பிக்கு. மற்ற எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் பத்திரிகை, ஆனால் அதோடு மாமாவே ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினார். பத்திரிகை பார்த்ததும் "என்ன இவ்வளவு அவசரம், உடம்புக்கு ஏதாவதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால் ஜாதக நோட்டுக் கதையை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடவேண்டும் என்று மாமாவிடம் சொல்லிவைத்தோம். குறுகிய நாளில் செய்கிற எல்லாருக்கும் இது தேவைப்படும்.

நாத்தனார் பஹ்ரைனில். லீவு கிடைப்பது சந்தேகமாக இருந்தது, கடைசியில் நாலு நாளைக்குக் கிடைத்தது, சென்னையில் இறங்கி நேராக வந்துவிட்டாள்.

தங்கம் அந்த ஜனவரியில்தான் சவரன் 60 ஆயிரத்தைத் தாண்டியது. இறங்கட்டும் என்று காத்திருக்க நேரமில்லை, நாலு கிராமில் முடித்தோம். இறங்கவும் இல்லை, விழாவுக்குள் 63 ஆயிரம். பழைய தாலியைக் கழற்றுவதில்லை, புதியது அதோடு சேரும். பட்டுக்கு ஆரணிக்குப் போனோம், காஞ்சிபுரத்தைவிட அருகில், அத்தை எடை குறைந்த புடவைதான் கட்டுவார், ஆரணிப் பட்டு அதற்குப் பொருத்தம். புடவையை எடுத்தது அத்தையின் தம்பி, பிறந்த வீட்டுச் சீர் என்று அதை விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்றார்.

கழுத்தைப் பிடித்தது ஜாக்கெட். தையில் எந்த டெய்லரிடமும் இரண்டு வாரத்துக்குக் குறைந்து பேச்சே இல்லை. புடவை எடுக்கும் முன்பே டெய்லரிடம் தேதி வாங்கிவிட்டால் நிம்மதி.

பூவும் அப்படித்தான். தை, மாசிக் குளிரில் மல்லிகை வரத்துக் குறைந்து, முகூர்த்த நாட்களும் சேர்ந்து விலை ஏறிவிடும். நேதாஜி மார்க்கெட்டில் மாலைக்குச் சம்பங்கியும் ரோஜாவும் சொல்லி, மல்லியைத் தலைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

சாப்பாட்டில் நீளமான மெனு வேண்டாம் என்று சமையல்காரரே சொன்னார், இரண்டு மணிக்குச் சமையல்கட்டைக் கழுவித் தரவேண்டுமே. காலையில் பொங்கல், இட்லி, வடை, கேசரி. மதியம் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் எண்ணெய்க் கறி (2023ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்க் காய், இதை விட்டுவிட்டு காலிஃபிளவர் போடுவதை நான் அனுமதிக்கவே இல்லை), சாம்பார், ரசம், கூட்டு, அப்பளம், பாயசம், ஜாங்கிரிக்குப் பதில் ஆற்காடு மக்கன் பேடா. சாதத்துக்கு நூறு பேருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசி என்று வைத்துக்கொண்டார். பிரியாணி கேட்ட சொந்தங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சீரகச் சம்பாவில் தனியாகச் செய்தோம்.

அன்றைக்கு

ஐந்துக்குக் கொஞ்சம் முன்பே சங்கல்பம். ஐயர் சொன்னபடியே நிறுத்தி, இன்னாருக்கு அறுபது முடிந்து இனி வரும் வயதுக்காக இதைச் செய்கிறோம், கூட இருந்தவளையும் சேர்த்தே கேட்கிறோம் என்று தமிழில் சொன்னார். புகைக்கு இரண்டு பக்கமும் பெடஸ்டல் ஃபேன் வைத்திருந்தும் ஆயாவுக்கு இருமல் வந்தது, முன்வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கலசத்துக்கு மட்டும் கூட்டிவந்தோம். முதல் கலசத்தை ஆயாவால் தனியாகத் தூக்கமுடியவில்லை. என் கணவர் அடியில் கைகொடுக்க, ஆயா ஊற்றினார். மாமாவின் தலையில் ஊற்றிவிட்டு, "அவளுக்கும் ஊத்தணும்டா" என்று அத்தை பக்கம் திரும்பினார். அதற்கப்புறம் வந்த எல்லாரும் அதே மாதிரி இருவருக்கும் ஊற்றினார்கள்.

பத்து மணியை ஒட்டி மாங்கல்யம். "நான் வாழ்வதற்குக் காரணமான இந்த நாணை உன் கழுத்தில் கட்டுகிறேன், நீ நூறு வருடம் வாழவேண்டும்" என்பதுதான் இந்த மந்திரம் என்று ஐயர் மைக்கில் சொன்னார். அத்தை நிமிர்ந்து மாமாவைப் பார்த்து, "நெஜமாவா இப்படிச் சொல்லித்தான் அன்னைக்கும் கட்டனீங்க?" என்று கேட்டது மைக்கில் விழுந்துவிட்டது. மாமாவுக்கு அழுகை வந்துவிட்டது. நாத்தனாருக்கும் எனக்கும் சொல்லவே வேண்டாம். அத்தை மட்டும் அழவில்லை, ரொம்பத் தெளிவாக உட்கார்ந்திருந்தார், அந்த முகத்தைப் பார்த்தபோது இந்த மூன்றரை வாரத்து ஓட்டம் முழுக்க இதற்காகத்தான் என்று எனக்குப் பட்டது. இளைய ஜோடிகள் வரிசையாக வந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டார்கள், மாமாவை உட்கார்ந்தே அட்சதை போடச் சொன்னோம், அவரோ எல்லாருக்கும் எழுந்து நின்றார்.

பத்தே முக்காலுக்கு முதல் பந்தி. லைன்மேன்களில் பாதிப் பேர் டூட்டி பேன்ட் சட்டையோடு வந்திருந்தார்கள். மாமா ஈர வேட்டியை மாற்றிப் பட்டு கட்டிய கையோடு, தான் சாப்பிடும் முன் அவர்களுக்குப் பேடாவைப் பரிமாறப் போய்விட்டார். என் கணவர் "நைனா, மாத்திரை நேரம்" என்று பின்னாலேயே போய் அவரையும் அந்தப் பந்தியிலேயே உட்காரவைத்தார்.

ஒன்றே முக்காலுக்கு மண்டபச் சாவியைக் கொடுத்துவிட்டோம். மாலையில் வீட்டு ஆட்கள் மட்டும் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். நூற்றாண்டுகளாகச் சாமி இல்லாமல் இருந்து 1981ல் மறுபடி லிங்கம் வந்த கோயில், மாமா அப்போது பள்ளிக்கூடப் பையன், கூட்டத்தோடு போய்ப் பார்த்ததாகச் சொல்வார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தரிசனத்துக்கு நேரமானது, ஆயா வீட்டிலேயே தூங்கிவிட்டார்.

செலவு கேட்பவர்களுக்கு: ஐயர், ஹோமச் சாமான் எல்லாம் சேர்த்து 38 ஆயிரம், மண்டபம் 22, இரண்டு வேளைச் சாப்பாடு 72, நாதஸ்வரம் 12, பூ 14, தாலி 33, துணிமணி 40, போட்டோகிராபர் 15. இரண்டரை லட்சத்துக்குள். மண்டபம் முழுநாள் எடுத்திருந்தால், மேடை அலங்காரத்துக்குத் தனியாக ஆள் வைத்திருந்தால் இன்னும் ஒரு லட்சம் சுலபமாகப் போயிருக்கும். போட்டோகிராபரிடம் முன்பே சொல்லிவைத்தது ஒன்று: ஐயர் தமிழில் பேசும் இரண்டு இடத்திலும் மைக் சத்தத்தோடு வீடியோ வேண்டும். அந்தத் துண்டு வீடியோவை அத்தை குடியாத்தத்தில் இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறார், அவர்கள் வீட்டு அறுபது அடுத்த ஆவணியில் வருகிறது, அதே ஐயருக்கு இப்போதே சொல்லியாகிவிட்டது.